உங்களுக்குத் தெரியுமா? இளநீர் குடித்த கேரட்

ஒரே ஒரு செல்லிலிருந்து முழுச் செடியையும் வளர்த்துவிடலாம் என்று 1902-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹேபர்லாண்ட் சொன்னார். சொன்னாரே தவிர, அவர் வளர்த்த செல்களில் ஒன்றுகூட இரண்டாகப் பிரியவில்லை.

1958-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் குழுவினர் அதைச் செய்து காட்டினார்கள். கேரட் கிழங்கின் சிறு துணுக்குகளை ஊட்டக் கரைசலில் போட்டு, குடுவைகளை மெல்லச் சுழலவிட்டார்கள். உதிர்ந்த செல்கள் பெருகித் திரண்டு, வேர்விட்டு, முழுச் செடிகளாயின. கரைசலில் அவர்கள் கலந்திருந்த முக்கியப் பொருள், நம்மூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள், தேங்காய்த் தண்ணீர்! தென்னங்கருவை வளர்ப்பதற்கென்றே இயற்கை வைத்திருக்கும் உணவு அது. செல்களைப் பிரியத் தூண்டும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் அதில் இருக்கிறது. இத்தனைக்கும் தென்னையே, இப்படிச் செல்களிலிருந்து செடி வளர்க்கும் திசு வளர்ப்புக்கு எளிதில் வசப்படாத மரம்.

இப்படி வளரும் திசுவிலிருந்து வருவது வேரா, தளிரா என்பதை முடிவு செய்வது ஹார்மோன்களின் விகிதம். ஆக்சின் மிகுந்தால் வேர். சைட்டோகைனின் மிகுந்தால் தளிர். புகையிலைத் திசுவில் இதை ஸ்கூக், மில்லர் இருவரும் 1957-இல் நிறுவினர். இன்று விவசாயிகள் ‘டிஷ்யூ வாழை’ என்று வாங்கி நடும் ஜி-9 ரகக் கன்றும் இந்தக் கணக்கில் வளர்ந்ததுதான்.