கட்டுப்படுத்தித் தூண்டும் இயக்கச் சிகிச்சை

கட்டுப்படுத்தித் தூண்டும் இயக்கச் சிகிச்சை என்பது பக்கவாதத்தால் ஒரு கை வலுவிழந்தவர்களுக்கு அளிக்கப்படும் மறுவாழ்வுச் சிகிச்சை முறைகளுள் ஒன்றாகும். நோயாளியின் நல்ல கைக்குத் தடித்த கையுறை அணிவித்து அதன் பயன்பாடு தடுக்கப்படுகின்றது. அதே வேளை, பாதிக்கப்பட்ட கைக்குச் செறிவான பயிற்சி அளிக்கப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த உளவியலாளர் எட்வர்ட் டௌப் இம்முறையை உருவாக்கினார்.

கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை

இச்சிகிச்சையின் அடிப்படை குரங்குகளில் செய்யப்பட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. கையிலிருந்து தண்டுவடத்துக்கு உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு வேர்களை வெட்டிவிட்டால் குரங்கு அக்கையைப் பயன்படுத்துவதில்லை என்பதை மோட், செரிங்டன் ஆகியோர் 1895 இல் காட்டினர். தசைகளை இயக்கும் நரம்புகள் வெட்டப்படாதபோதும் இவ்வாறு நிகழ்ந்தது. உணர்ச்சி இன்றி இயக்கம் இல்லை என்பதே இதற்குத் தரப்பட்ட விளக்கம்.

டௌப் இதனை மறுத்தார். நல்ல கையைச் சில நாட்கள் கட்டிவைத்தபோது, குரங்கு உணர்ச்சியற்ற கையாலேயே உணவை எடுக்கத் தொடங்கியது. கட்டை அவிழ்த்த பின்னரும் இப்பழக்கம் நீடித்தது. அறுவைக்குப் பிந்திய தொடக்க நாட்களில் கை உண்மையிலேயே இயங்காது. ஒவ்வொரு முயற்சியும் தோல்வியில் முடிகின்றது. நல்ல கையால் செய்தால் வேலை முடிகின்றது. பின்னர் நரம்பு மண்டலம் ஓரளவு தேறினாலும் முன்னர் படிந்த பழக்கம் மாறுவதில்லை. டௌப் இதற்குக் 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை' எனப் பெயரிட்டார். பக்கவாத நோயாளிகளிடமும் இதுவே நிகழ்கின்றது என்பது அவரது கருத்து.

இவ்வாய்வுகள் கடும் சர்ச்சைக்கும் உள்ளாயின. 1981 இல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் இசுபிரிங்கிலிருந்த டௌப்பின் ஆய்வகத்திலிருந்து 17 குரங்குகளைக் காவல்துறை கைப்பற்றியது. விலங்குவதைக் குற்றச்சாட்டில் அவருக்கு எதிராக வந்த தீர்ப்பு 1983 இல் மேன்முறையீட்டில் நீக்கப்பட்டது.

செய்முறை

முழுமையான வடிவில் இச்சிகிச்சை இரண்டு வாரங்கள் நீடிக்கும். வார நாட்களில் நாளொன்றுக்கு 6 மணிநேரம் வரை பயிற்சி உண்டு. விழித்திருக்கும் நேரத்தின் 90 விழுக்காட்டில் கையுறை அணிந்திருக்க வேண்டும். நீரைக் கையாளும்போதும் விழும் ஆபத்துள்ள வேலைகளிலும் அதைக் கழற்றலாம். எப்போது அணிவது, எப்போது கழற்றுவது என்பது குறித்து நோயாளி எழுத்து வடிவில் உடன்படிக்கை செய்கிறார்.

கையுறையே சிகிச்சை எனப் பலரும் எண்ணுவதுண்டு. உண்மையில் பயிற்சியே இதன் மையமாகும். ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, நோயாளி சற்று முயன்றால் எட்டக்கூடிய அளவில் கடினத்தைக் கூட்டிச் செல்கின்றனர். ஒவ்வொரு முயற்சியின் நேரமும் எண்ணிக்கையும் உடனுக்குடன் அவருக்குச் சொல்லப்படுகின்றன.

மதிப்பீடு

ஒருவரால் செய்ய முடிவதும் அவர் வீட்டில் உண்மையாகவே செய்வதும் வேறு வேறானவை. ஆகவே இவை இரண்டும் தனித்தனியே அளக்கப்படுகின்றன.

முதலாவதற்கு உல்ஃப் இயக்கச் செயல்திறன் சோதனை பயன்படுகின்றது. பென்சிலை எடுத்தல், பூட்டில் சாவியைத் திருப்புதல், துண்டை மடித்தல் போன்ற 15 வேலைகளுக்கு எடுக்கும் நேரம் அளக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் மேல் எல்லை 120 நொடிகள். இவற்றுடன் வலிமையை அளக்கும் இரு வேலைகளும் உள்ளன. இரண்டாவதற்கு இயக்கச் செயற்பாட்டுப் பதிவு என்னும் நேர்காணல் பயன்படுகின்றது. மின்விளக்கின் ஆளியைப் போடுதல், பல் துலக்குதல், தலை வாருதல், பொத்தான் இடுதல் போன்ற 30 செயல்களில் பாதிக்கப்பட்ட கையை எவ்வளவு பயன்படுத்தினார் என நோயாளியிடம் கேட்டு 0 முதல் 5 வரை புள்ளி தரப்படும். சோதனை மேசையில் நன்றாகச் செய்பவர் இங்கு ஒரு புள்ளியைக் கூடத் தாண்டாமல் இருப்பதுண்டு. முதல் சோதனையை மட்டும் நடத்தினால் இது தெரியவே வராது.

ஆய்வு முடிவுகள்

டௌப் குழுவினர் 1993 இல் வெளியிட்ட ஆய்வில் 9 நோயாளிகளே இருந்தனர். 'எக்சைட்' எனப்பட்ட பெரிய ஆய்வு 2006 இல் வெளியானது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேர் இதில் பங்கேற்றனர். ஓராண்டின் பின்னர், சிகிச்சை பெற்றோர் உல்ஃப் சோதனையில் எடுத்த சராசரி நேரம் 19.3 நொடியிலிருந்து 9.3 நொடியாகக் குறைந்தது. வழமையான பராமரிப்பில் இருந்தோருக்கு அது 24.0 நொடியிலிருந்து 17.7 ஆனது. கையைப் பயன்படுத்தும் அளவுக்கான புள்ளி சிகிச்சை பெற்றோரில் 1.21 இலிருந்து 2.13 ஆக உயர்ந்தது, மற்றையோரில் 1.15 இலிருந்து 1.65 ஆனது. 5 புள்ளிகள் கொண்ட அளவையில் 2 என்பது முழு மீட்சி அன்று என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

வரம்புகள்

கை முற்றிலும் அசையாதவர்களுக்கு வழக்கமான வடிவிலான இச்சிகிச்சை பொருந்தாது. எக்சைட் ஆய்வில், சற்றுக் கூடிய இயக்கம் உள்ளோர் பிரிவில் சேர மணிக்கட்டை 20 பாகையும் விரல்களை 10 பாகையும் நிமிர்த்த முடிந்திருக்க வேண்டும்.

நாளொன்றுக்கு 6 மணிநேரம் ஒரு பயிற்சியாளரை ஒரே நோயாளிக்கு ஒதுக்குவது பெரும்பாலான மருத்துவமனைகளால் இயலாது. எனவே வாரம் மூன்று முறை அரை மணிநேரப் பயிற்சியும், வார நாட்களில் 5 மணிநேரக் கட்டுப்பாடும் கொண்ட 10 வாரத் திருத்திய வடிவம் உருவாக்கப்பட்டது.

மிக விரைவில், மிகுந்த அளவில் தொடங்குவதும் நல்லதன்று. பக்கவாதம் வந்து ஏறத்தாழ 10 நாட்களில் சிகிச்சையைத் தொடங்கிய 52 பேரிடம் நடத்திய ஆய்வு 2009 இல் வெளியானது. அதில் மிகச் செறிவான பயிற்சி பெற்ற குழுவினரின் கை, 90 நாட்களின் பின்னர் மற்றையோரைவிடக் குறைவாகவே தேறியிருந்தது.