ஒரே பருமன், இரண்டு தோட்டா

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு பாயிண்ட் டூ டூ ரைஃபிளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மைதானத்தில் குப்புறப் படுத்து, கட்டையைத் தோளில் அணைத்து, மூச்சை அடக்கிச் சுட்ட முதல் குண்டு பலருக்கும் இன்னும் ஞாபகத்தில் இருக்கும். தோளை உதைக்காது, காதைப் பிளக்காது. அமெரிக்காவில், குறிப்பாக டெக்சஸ் பக்கத்துக் கிராமங்களில், பிள்ளையின் கையில் அப்பா முதலில் கொடுப்பதும் பெரும்பாலும் இந்த ரகத்தைத்தான். முயலும் அணிலும் அடித்துப் பழக. கொஞ்சம் கை தேறியதும் பிள்ளை கேட்கும் அடுத்த கேள்வி, "இதை வைத்தே பன்றியும் அடிக்கலாமா?" கேள்வி சின்னது. பதிலுக்கு ஒரு டீ நேரம் வேண்டும். உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அந்த எண். .22 என்றால் குழலின் விட்டம், அங்குலக் கணக்கில். ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர். அவ்வளவுதான், குண்டு எவ்வளவு கனம், என்ன வேகத்தில் போகும், உள்ளே போய் என்ன செய்யும் என்பதில் எதையும் அந்த எண் சொல்லாது. .22 லாங் ரைஃபிள் என்ற தோட்டா 1887 முதல் இருக்கிறது. அதன் ஈயக் குண்டு சுமார் 2.6 கிராம், குழலை விட்டு நொடிக்கு 370 மீட்டர் போலப் பாயும். இன்னொன்று .223 ரெமிங்டன். இதன் குண்டும் அதே பருமன்தான், மயிரிழை வித்தியாசம். ஆனால் எடை மூன்றரை கிராம், வேகம் நொடிக்கு 990 மீட்டர். கணக்குப் போட்டால் முதல் குண்டின் ஆற்றல் 180 ஜூல், இரண்டாவதன் ஆற்றல் 1,750 ஜூல். கிட்டத்தட்டப் பத்து மடங்கு. இரண்டையும் 'சின்ன காலிபர்' என்று ஒரே பெயரில் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

பருமன் ஒன்றாக இருந்தும் இவ்வளவு தூரம் எப்படி விலகியது? தோட்டாவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். .22-இல் தீப்பற்றும் மருந்து, கூட்டின் அடிவிளிம்பு மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். நசுங்க வேண்டுமென்றால் பித்தளை மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய கூட்டுக்குள் அதிக மருந்தைத் திணிக்க முடியாது, கிழிந்துவிடும். .223-இல் அந்தத் தீப்பற்றும் மருந்து தனிக் குமிழாக, கெட்டியான அடித்தட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கூடு .22-ஐப் போல இரண்டு பங்குக்கும் மேலான அழுத்தத்தைத் தாங்கும். மற்ற வித்தியாசமெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

.22 பலவீனமான துப்பாக்கி என்று நினைத்துவிடாதீர்கள். அணில் வேட்டைக்கு அதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. கிழக்கு டெக்சஸ் ஓக் காடுகளில் விடியும் முன்பே ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார்கள். வெளிச்சம் வர வர, மேலே ஓக் கொட்டையைக் கடிக்கும் சத்தமும், தோல் துணுக்குகள் சருகில் விழும் சத்தமும் கேட்கும். ஆளைக் கண்டதும் அணில் மரத்தின் மறுபக்கம் ஒட்டிக்கொள்ளும். நாம் சுற்றினால் அதுவும் சுற்றும். இரண்டு பேர் போனால் ஒருவர் அசையாமல் நிற்க, மற்றவர் சருகை மிதித்து மறுபக்கம் நடப்பார். சத்தத்துக்குப் பயந்து அணில் இந்தப் பக்கம் வரும். தலையில் ஒரே குண்டு; இறைச்சி கெடாது. கிளையில் வானத்தின் எதிரில் உட்கார்ந்திருந்தால் சுடக் கூடாது, அடிமரத்தோடு ஒட்டியிருக்கும்போதுதான் சுட வேண்டும். ஏனென்றால் இந்தச் 'சின்ன' குண்டு தவறிப்போனால் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும். தண்ணீரிலும் பாறையிலும் பட்டால் தெறித்துத் திசை மாறும். குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் விசையைத் தொடக் கூடாது. பிள்ளைகளுக்கு .22-ஐ வைத்து முதலில் கற்றுத்தர வேண்டியது இதுதான். குறி பார்ப்பதெல்லாம் பிறகு.

இனி பன்றிக்கு வருவோம். அமெரிக்காவுக்கு அது சொந்த விலங்கு இல்லை. 1539-இல் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியர் ஃபுளோரிடாவில் இறங்கியபோது உணவுக்காகப் பன்றிகளை ஓட்டிக்கொண்டு வந்தார். தப்பியவை காடேறின. பின்னாளில் வேட்டைக்கென்று ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளையும் கொண்டுவந்து விட, இரண்டும் கலந்தன. இன்று டெக்சஸில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரே ராத்திரியில் விதைத்த சோள வரிசையை மூக்காலேயே உழுதுவிட்டுப் போகும். அதனால் சட்டமும் தளர்ந்துவிட்டது. தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதம் இருந்தால், 2019 முதல் பன்றி அடிக்க வேட்டை உரிமமே வேண்டாம்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அதே டெக்சஸில் மானை .22 போன்ற விளிம்புத் தோட்டாவால் சுடக் கூடாது, சட்டம் தடுக்கிறது. மானைவிட உடல் கெட்டியான பன்றிக்கு அந்தத் தடை இல்லை. மான் மதிப்புள்ள விலங்கு, பன்றி தொல்லை. ஆனால் குடலில் குண்டு பட்டால் இரண்டுக்கும் வலி ஒன்றுதான். சட்டம் கேட்காததைச் சுடுகிறவர்தான் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"பண்ணையில் பன்றி அறுக்கும்போது .22-ஆல்தானே சுடுகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அந்தக் காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பன்றி பட்டியில் நிற்கிறது. முன்னால் ஒரு தட்டுத் தீனி. தலை அசையவில்லை. சுடுகிறவர் கை எட்டும் தூரத்தில், நெற்றியில் சரியான இடத்தில், சரியான சாய்வில் குழலை வைக்கிறார். மூளையோ ரொம்பச் சின்னது. சரிவான தடித்த எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இப்போது வயலுக்கு வாருங்கள். அந்தி நேரம், ஐம்பது மீட்டர் தூரம். பன்றி தலையைத் தாழ்த்திக் கிளறிக்கொண்டே நடக்கிறது, காதை ஆட்டுகிறது, திடீரென்று திரும்புகிறது. இரண்டு விரல் விலகினாலும் குண்டு தாடையை உடைக்கும், அல்லது எலும்புச் சரிவில் வழுக்கிக்கொண்டு போகும். தாடை உடைந்த பன்றி உடனே சாகாது. தின்ன முடியாமல் நாள் கணக்கில் அலையும்.

நெஞ்சுக்குச் சுட்டால்? மானில் பழகியவர்கள் தோளுக்குக் கொஞ்சம் பின்னால் குறி வைப்பார்கள். பன்றிக்கு இதயம் இன்னும் முன்னால், இன்னும் கீழே, முன்னங்கால்களுக்கு இடையில் இருக்கிறது. மான் கணக்கில் சுட்டால் குண்டு வயிற்றுப் பக்கம் போய்விடும். வளர்ந்த கடாப்பன்றிக்குத் தோளின் மேல் கெட்டி ரப்பர் மாதிரி ஒரு கவசத் திசு வேறு. மற்றக் கடாக்களோடு கோரைப் பல்லால் முட்டிக்கொள்ளும்போது தப்பிக்க இயற்கை கொடுத்தது. ஈயக் குண்டு அதைத் துளைத்தாலும் உள்ளே போகும் பலம் மிஞ்சாது. கொழுப்பு துளையை அடைத்துக்கொள்வதால் ரத்தமும் வெளியே அதிகம் சொட்டாது. புதருக்குள் போன பன்றியைத் தேட ரத்தத் தடமே கிடைக்காது.

அப்படியானால் .223 போதுமா? போதும், ஆனால் இங்கும் குண்டைப் பார்த்து வாங்க வேண்டும். நரி, தரை அணில் மாதிரியானவற்றுக்கென்று செய்த குண்டு, பட்டதும் சிதறும்படி மெல்லிய உறை போட்டது. பன்றித் தோளில் அது மேலாகவே பொடிந்து, பெரிய புண்ணாக்கிவிட்டு நின்றுவிடும். உறையோடு ஈயம் பிணைந்த குண்டோ, முழுச் செம்புக் குண்டோ ஆழமாகப் போகும். அதுவும் பக்கவாட்டில் அசையாமல் நிற்கும் பன்றிக்கு, கிட்டத்தில். பெரிய கடா என்றால் .308 மாதிரி கனத்த குண்டை எடுத்துப் போவதே நியாயம்.

நம் ஊரில் இந்தக் கணக்கைத் தனி ஆள் போட வேண்டியதே இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் அடக்கம். துப்பாக்கி உரிமம் இருக்கிறது என்பதற்காக யாரும் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு கொடுத்த அனுமதிகூட, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினர் சுடுவதற்குத்தான்.

டெக்சஸிலேயே பன்றிக் கூட்டத்தைக் குறைக்கத் துப்பாக்கியைவிடப் பட்டிப் பொறிதான் பலன் தருகிறது. ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி, இரவில் மட்டும் வரப் பழகிவிடும். வட்டமாகக் கம்பி வேலி கட்டி, நாள் கணக்கில் மக்காச்சோளம் போட்டுப் பழக்கி, தாயும் குட்டிகளுமாக மொத்தக் கூட்டமும் உள்ளே வந்த பிறகு கதவை இறக்குகிறார்கள். உள்ளே மாட்டியவற்றை முடிக்க அவர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் .22. வேலிக்கு வெளியே நின்று, பன்றி தலை தூக்கி நிற்கும்வரை பொறுத்து, கிட்டத்திலிருந்து ஒரே குண்டு. பிறகு கையுறை போட்டுக்கொண்டுதான் உடலைத் தொடுகிறார்கள். புரூசெல்லா கிருமி விரல் கீறல் வழியாக மனிதருக்கு ஏறும். இறைச்சியை உள்வரை 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்படி வேகவைத்துத்தான் சாப்பிடுகிறார்கள்.