தன்மறுமொழி அஞ்சற் சேவையைத் தெரிந்தெடுத்தல்

கல்லூரியை விட்டு நீங்கும் இளைஞர் அனைவரும் உத்தியோகம் ஒன்றனையே நாடிய காலம் கழிந்தது. வீட்டின் ஓர் அறையிலிருந்தே இணையத்தின் வாயிலாகப் பொருள் விற்போர் இன்று உளர். அத்தகைய சிறு வணிகர்க்குப் பயன்படும் கருவிகளுள் ஒன்றைப் பற்றியும், அதனைத் தெரிந்தெடுக்கும் முறையைப் பற்றியும் ஈண்டுச் சில கூறுதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பனங்கட்டியும் ஒடியலும் கறித்தூளும் அயல்நாடுகளுக்கு அனுப்பும் வணிகன் ஒருவனை எண்ணுக. கனடாவிலுள்ள ரொறன்ரோ நகரின் மணி நம் மணிக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தியது. மாரிக்காலத்திற் பத்தரை மணித்தியாலம் பிந்தியது. அங்குள்ளார் வேலை முடிந்து மாலையில் விலை கேட்டு எழுதும் நேரம் இங்கு வைகறைக்கும் முந்திய பொழுது. வணிகன் உறங்குகின்றான், அவனது கடையோ திறந்து கிடக்கின்றது. அந்நேரத்தில் வந்த மடலுக்கு உடனே விடை விடுத்து, விலைப்பட்டியலையும் இணைத்தனுப்பி, சில நாள் கழித்துப் பொருள்களைப் பேணும் முறையையும் முன்னரே எழுதிவைத்தவாறு அறிவிக்கும் கணினி அமைப்பே தன்மறுமொழி எனப்படும். ஆங்கிலத்தில் இதனை ஓட்டோறெஸ்பொண்டர் என்பர்.

இச்சேவையை அளிக்கும் நிறுவனங்கள் பல. ஒவ்வொன்றும் தன் சிறப்பையே விரித்துரைக்கும். இவற்றுள் எதனைக் கொள்வது என்று மயங்குவோன் முதற்கண் ஒன்றனைத் தெளிதல் வேண்டும். வாடிக்கையாளர் தம் முகவரியைத் தருவது வணிகனின் சொல்லை நம்பியே. அந்நம்பிக்கையைக் காத்தற்கு எச்சேவை துணைசெய்யுமோ அதுவே நற்சேவை. விலையும் அழகும் இதற்குப் பிற்பட்டனவே.

தோற்றமும் இயல்பும்

1971இல் றே டொம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் கணினி வலையின் வழியே முதல் மடலை அனுப்பினார். அதற்குப் பத்தாண்டு அளவிற் கழிந்தபின், எரிக் ஓல்மன் என்பார் "விடுமுறை" எனப் பொருள்படும் வேக்கேசன் என்ற சிறு நிரலொன்றை எழுதினார். வெளியூர் சென்றவருக்கு வரும் மடல்களுக்கு, அவர் ஊரில் இல்லை என்று அந்நிரல் விடை விடுக்கும். அதன்கண் அமைந்த நுட்பம் ஒன்று கருதத்தக்கது. ஒருவர் எத்துணை மடல் எழுதினும், வேறு ஆணை இடப்படாதவிடத்து, வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் அவருக்கு அது விடை எழுதாது. இக்கட்டுப்பாடு இல்லையாயின், இரு கணினிகள் ஒன்றுக்கொன்று முடிவின்றி விடை எழுதிக்கொண்டே இருக்கும். 2004இல் வெளியான ஆர்.எவ்.சி. 3834 என்னும் இணைய நெறியேடும், தானியங்கி மடலுக்குத் தானியங்கி விடை எழுதலாகாது என்றே அறிவுறுத்துகின்றது. எனவே, பேசவேண்டுமிடத்துப் பேசி, ஏனையிடத்து வாளாவிருத்தலே தன்மறுமொழிக்கு இலக்கணம் என்பது பெறப்படும்.

வணிகத்துக்கென்றே அமைந்த சேவைகள் பின்னர்த் தோன்றின. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அவெபரும், போலந்து நாட்டில் கெட்றெஸ்பொன்ஸும் 1998இல் தோன்றின. அற்லாண்டா நகரில் மெயில்சிம்ப் 2001இல் தோன்றியது. இவை தனிவிடையோடு நில்லாது, முதல் நாள், மூன்றாம் நாள், பத்தாம் நாள் என வகுத்துத் தொடர் மடல்களை அனுப்புவன.

தொடரைத் தொடக்குதல் எச்சேவையிலும் எளிது. உரியவிடத்து நிறுத்துதலே அரிது. வந்த பொருள் பழுதென்று முறையிட்டு எழுதிய ஒருவருக்கு, மறுநாளே "எம் பனங்கட்டியின் சுவை எவ்வாறு இருந்தது?" என்று பொறி எழுதுமாயின் அவர் மனம் என்னாம்? ஆதலின், மறுமொழி எழுதினோரையும் முறையிட்டோரையும் முன்னரே வாங்கினோரையும் தொடரினின்று விலக்கும் வசதி உண்டா என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும்.

மடல் சென்று சேர்தல்

அனுப்பிய மடல் குப்பைப் பெட்டியுட் கிடக்குமாயின் எழுதியும் பயனில்லை. மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்.எம்.ரி.பி. என்னும் நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புநர் இன்னார் என்பதைச் சோதிக்கும் ஏற்பாடு அதில் இருக்கவில்லை. அஞ்சலட்டையின் அடியில் எவரும் எப்பெயரையும் எழுதுதல் கூடுமன்றோ? அதுபோலவே மின்னஞ்சலிலும் பிறர் பெயரால் எழுதுதல் இயன்றது. இக்குறையை நீக்கப் பின்னர் மூன்று காவல்கள் ஏற்பட்டன. இன்ன கணினிகளே எம் பெயரால் அனுப்பலாம் என அறிவிப்பது எஸ்.பி.எவ். மடலுக்கு முத்திரை இடுவது டி.கே.ஐ.எம். இச்சோதனைகளிற் பிழைத்த மடலை என்செய்வது என்று விதிப்பது டீமார்க்.

2014 ஏப்ரலில் யாகூ நிறுவனம் டீமார்க் விதியைக் கடுமையாக்கியது. யாகூ முகவரியை அனுப்புநர் முகவரியாகக் கொண்டு பிற சேவைகளின் வழியே சென்ற மடல்கள் அதனாற் பல இடங்களில் மறுக்கப்பட்டன. 2024 பெப்ரவரி முதல் கூகிளும் யாகூவும் பேரளவில் அனுப்புவோர்க்கு இம்மூன்று காவல்களையும் கட்டாயமாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புவோரைக் கூகிள் பேரளவினராகக் கொள்ளும். வேண்டாத மடல் என்று பெறுவோர் முறையிடும் வீதம் 0.3 சதவீதத்தை எட்டலாகாது என்பதும் விதி; ஆயிரம் மடலுக்கு மூன்று முறைப்பாடு எனினும் மிகையென்பது இதன் கருத்து. சிறு வணிகன் அவ்வளவு மடல் அனுப்பானாயினும், அவன் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. இலவச முகவரியை நம்பாது, தன் கடைப் பெயரிலேயே இணையப் பெயரொன்றைப் பதிந்துகொள்ளல் வேண்டும். அப்பெயருக்கே முத்திரையிட உதவும் சேவையைக் கொள்ளல் வேண்டும்.

இசைவும் விலகலும்

முகவரி தந்தவருக்கு உறுதிப்படுத்தும் மடல் ஒன்றை விடுத்து, அதிலுள்ள இணைப்பை அவர் அழுத்திய பின்னரே பட்டியலிற் சேர்த்தல் நல்வழக்கம். பிறர் முகவரியை எவரேனும் விளையாட்டாக எழுதிவிடுதலை இது தடுக்கும். இவ்வாறு செய்யின் பட்டியல் சிறுக்குமே என்று அஞ்சுவோர் உளர். விரும்பாத ஆயிரவரினும் விரும்பிய நூற்றுவர் மேலானவர் என்பதை அவர் உணர்வாராக.

சட்டமும் இதனையே வேண்டுகின்றது. கனடாவில் 2014 யூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், இசைவு பெற்றே வணிக மடல் அனுப்பவேண்டும் என்கின்றது. விலக விரும்புவோரை 10 வேலைநாளுக்குள் விடுவித்தல் வேண்டும். மீறும் நிறுவனத்துக்கு 10 மில்லியன் கனடா டொலர் வரை தண்டம் விதித்தல் கூடும். பிறநாட்டிலிருந்து அனுப்பப்பட்டுக் கனடாவிற் பெறப்படும் மடல்களையும் அச்சட்டம் கட்டுப்படுத்தும். ஆதலின், ரொறன்ரோவுக்கு எழுதும் நம் வணிகன் அதனை அறிந்திருத்தல் கடன். 2004இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டம், அனுப்புநரின் அஞ்சல் முகவரி மடலில் இடம்பெற வேண்டும் என்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதி 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எனவே, இசைவு பெற்ற நாளையும் நேரத்தையும் பதிந்துவைப்பதும், ஒரே அழுத்தத்தில் விலக வழிவிடுவதுமாகிய சேவையே கொள்ளத்தக்கது.

கட்டணக் கணக்கு

கட்டணம் இருவகையாக வகுக்கப்படும். பட்டியலிலுள்ள பெயர்களை எண்ணி வாங்குவது ஒன்று. அனுப்பும் மடல்களை எண்ணி வாங்குவது மற்றொன்று. மெயில்சிம்ப், அவெபர், கெட்றெஸ்பொன்ஸ் ஆகியன பெரும்பாலும் முதல் வகையின. 2023இற் பெயர் மாறிய பிறெவோ இரண்டாம் வகையைச் சார்ந்தது. பெயர் பலவாக, ஆண்டில் இருமுறையே எழுதுவோனுக்கு இரண்டாம் வகை இலாபம் தரும். பெயர் சிலவாக, அடிக்கடி எழுதுவோனுக்கு முதல் வகை ஏற்றது.

எண்ணும் முறையிலும் நுட்பம் உண்டு. 2019 மே மாதம் மெயில்சிம்ப் தன் திட்டங்களை மாற்றியபோது, விலகிச் சென்றோரின் பெயர்களையும் கணக்கிற் சேர்த்தது. 400 பேர் மடல் பெறும் பட்டியலில் 150 பேர் விலகியிருப்பின், அம்முறைப்படி எண்ணிக்கை 550 ஆகும். விலகியோரைத் தனியே ஒதுக்கி வைத்தாலன்றிக் கட்டணம் குறையாது. அந்நிறுவனமே தன் இலவசத் திட்டத்தின் வரம்பை 2,000 பெயரிலிருந்து 500 ஆக 2023இற் குறைத்தது. ஆதலின், இன்றைய இலவசத்தை நாளைக்கும் உரியதென்று நம்பிக் கணக்கிடுதல் தகாது. கட்டணங்கள் பெரும்பாலும் டொலரிற் செலுத்தப்படுவன. நம் ரூபாவின் மதிப்பு இறங்குந்தோறும் செலவு ஏறும் என்பதையும் கருதுக.

பட்டியல் யாருடையது?

சேவை என்பது வாடகை வீடு போன்றது. 2011இல் மெயில்சிம்ப் வாங்கிய ரைனிலெற்றர் என்னும் எளிய மடற்சேவை 2024 பெப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. தம் பட்டியலை எடுத்துக்கொண்டோர் வேறிடம் பெயர்ந்து தொழிலைத் தொடர இயன்றது. முகவரிகளையும் இசைவுப் பதிவுகளையும் முழுமையாகப் பிரதி எடுக்க இடந்தராத சேவையை, எத்துணை மலிவாயினும், ஏற்றல் கூடாது. ஏற்ற சேவையிலும் மாதந்தோறும் ஒரு பிரதி எடுத்துப் பேணிவைத்தல் வேண்டும்.

தெரியும் முறை

வாரத்துக்குப் பத்துப் பதினைந்து மடலே வரப்பெறுவோன் பணம் செலவிட வேண்டுவதில்லை. ஜிமெயிலிலுள்ள விடுமுறை மறுமொழி வசதியே அவனுக்குப் போதும். அதுவும் ஒருவருக்கு நான்கு நாளைக்கு ஒருமுறைக்கு மேல் விடை எழுதாது. தொழில் வளர்ந்தபின், இரண்டு சேவைகளைத் தெரிந்து, தன்னுடையனவும் நண்பர்களுடையனவுமாகிய முகவரிகளை மட்டும் இட்டுச் சோதிக்க. மடல் எப்பெட்டியில் வீழ்கின்றது, தமிழ்த் தலைப்பு எழுத்துச் சிதையாது தோன்றுகின்றதா, பதிவுப் படிவமும் விலகற் பக்கமும் தமிழில் அமைக்க வருமா, விலகியபின் மடல் நின்றதா, பட்டியலைப் பிரதி எடுக்க முடிந்ததா என ஒவ்வொன்றாகக் காண்க. இத்தனை பேர் மடலைத் திறந்தனர் என்று சேவை காட்டும் எண்ணை அளவுக்கு மிஞ்சி நம்பற்க. 2021இல் அப்பிள் நிறுவனம் கொணர்ந்த தனியுரிமைக் காப்பின் பின், வாசியாத மடலும் திறந்ததாகத் தோன்றுதல் கூடும். வந்த கட்டளைகளும் மக்கள் எழுதிய மறுமொழிகளுமே மெய்யான அளவுகோல்.

வள்ளுவர் வணிகர்க்குரிய அறத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருளேபோற் பேணுதல் அவ்வறம். பிறர் நம்பித் தந்த முகவரியும் பிறர் பொருளே. அதனைப் பேணுதற்கு உதவும் சேவையைத் தெரிந்து, பொறி எழுதும் மடலிலும் தன் சொல்லையே எழுதி, அச்சொல்லின்படி நடக்கும் சிறு வணிகனுக்கு, நேரிற் காணாத ஊர்களிலும் நற்பெயர் நிலைக்கும்.