சூகி மரம் சொல்லும் சேதி



கித்தா மரத்தின் பட்டையைத் தொட்டே அதன் வயசைச் சொல்பவர்கள் நாம். ஜப்பான் மலைக்காட்டுத் தொழிலாளியும் அப்படித்தான். அவர் கையில் அதிகம் புழங்குவது சூகி என்ற ஊசியிலை மரம். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். கம்பம்போல நேராக 40 மீட்டருக்கும் மேல் வளரும்.

அடையாளம் சுலபம். செம்பழுப்புப் பட்டை நீள நீள நாராக உரியும். இலை உள்ளே வளைந்த குட்டை ஊசி; பிடித்தால் குத்தும். காய் உருண்டை, சுண்டைக்காயைவிடச் சற்றே பெரிசு. பக்கத்திலேயே ஹினோக்கி மரமும் நிற்கும். அதன் இலை குத்தாது, செதில் செதிலாகத் தட்டையாயிருக்கும். திருப்பிப் பார்த்தால் அடியில் 'ஒய்' எழுத்துப் போல வெள்ளைக் கோடு தெரியும்.

சூகி இலேசான மரம், நேராகப் பிளக்கும். வீட்டுத் தூண், பலகை, அரிசி மதுவும் சோயாவும் ஊறும் பீப்பாய் எல்லாம் அதில்தான். பட்டை கூரைக்கு, இலைத்தூள் ஊதுபத்திக்கு. ஹினோக்கி ஈரத்தைத் தாங்கும். குளியல் தொட்டிக்கு ஏற்றது. 1300 வருஷப் பழைய ஹோர்யூஜி கோயில் ஹினோக்கியில் கட்டியதே.

இனிதான் விஷயம். 1945-இல் போர் முடிந்ததும் மொட்டை மலைகளில் சூகியை நிரை நிரையாக நடச் சொன்னது அரசாங்கம். ஜனங்கள் முதுகொடிய நட்டார்கள். மரம் வளர்வதற்குள், 1964-இல் வெளிநாட்டு மரத்துக்குக் கதவு திறந்துவிட்டது. நம்முடைய சபா, சரவாக் மரங்களும் அங்கே கப்பலேறின. 1980-க்குப் பிறகு சூகி விலை விழுந்தது. வெட்டுகூலிக்கே கட்டவில்லை. இளைஞர்கள் பட்டணம் போனார்கள். காடு கவனிப்பாரற்று நெருங்கி நின்றது.

முற்றிய மரங்கள் மாசி, பங்குனியில் மகரந்தத்தை மேகம்போல் கொட்டுகின்றன. தும்மல், கண்ணெரிச்சல். 2019 கணக்கெடுப்பில் பத்தில் நாலு பேருக்கு இந்த உபாதை. 2023-இல்தான், பத்து வருஷத்தில் சூகித் தோப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைப்போம் என்று அரசாங்கம் முடிவு செய்தது.

மரத்தின்மேல் குற்றமில்லை. ஒரே மரத்தை நம்பச் சொன்னவர்கள், விலை விழுந்தால் நட்டவன் கதி என்ன என்று யோசிக்கவில்லை. கித்தாவை அழித்துச் செம்பனை வந்தபோது லயத்தைக் காலி செய்த நம் குடும்பங்களுக்கு இது புதுக்கதையா? என்ன நடுவது என்று பேசும் மேசையில் நடுகிறவனுக்கும் ஒரு நாற்காலி வேண்டும். அதைக் கேட்டு வாங்கத்தான் சங்கம்.