வியட்நாம் ட்ரிப்: பர்ஸ் கரையறது சைபர்லதான்!

தோள்ல ஒரு பை, ஹோ சி மின் சிட்டியில ஹாஸ்டல், அங்கிருந்து பஸ்ல மீகாங் டெல்டாவுல இருக்கிற கான் தோ, விடியற்காலையில படகுல காய் ராங் மிதக்கும் சந்தை. இதுக்கு லோன் எடுக்காதீங்க, மாசாமாசம் ஆர்.டி. போட்டுக் கிளம்புங்க.

அங்க போனதும் உஷாரா இருக்க வேண்டியது சைபர் விஷயத்துல. ஒரு ரூபாய்க்கு சுமார் 300 டாங். 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 நோட்டும் நீலம். முதலாவது கிட்டத்தட்ட 67 ரூபாய், ரெண்டாவது 1,670! அரை இருட்டுல படகுக்காரர்கிட்ட மாத்திக் கொடுத்தா 25 மடங்கு போச்சு. பெரிய நோட்டைத் தனிப் பையில வைங்க.

ஏடிஎம்ல 'ரூபாய்ல கணக்கு போடவா?'ன்னு கேட்டா, டாங்கையே தேர்ந்தெடுங்க. ரூபாய்னு அழுத்தினா மெஷின் சொல்றதுதான் ரேட். பெரும்பாலும் நஷ்டம் நமக்குத்தான்.