காடாவிலும் கொய்யாவிலும் ஒரே பசை

பல்லடத்தில் மளிகைக்கடை அலமாரியிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். முதலில் சர்க்கரை, அடுத்து பழக்கூழ் 46 சதவீதம், பிறகு மூன்று எண்கள்: 440, 330, 122. எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. ஆகவே வாங்குவது பழம் கலந்த சர்க்கரையே தவிர, சர்க்கரை கலந்த பழம் அல்ல. அது தெரிந்த சங்கதிதான். 46 என்பது எதன் கணக்கு என்பதில்தான் வேடிக்கை இருக்கிறது.

பாட்டிலில் கிட்டத்தட்ட பாதி பழம் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. அது அடுப்பில் ஏற்றியபோது போட்ட பழத்தின் கணக்கு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 100 கிராம் ஜாம் செய்ய 45 கிராமாவது பழம் போட்டிருக்க வேண்டும். ஸ்ட்ராபெர்ரி, ராஸ்ப்பெர்ரி என்றால் 25 போதும். கரைந்து நிற்கும் திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

கொய்யாவை எடுத்துக்கொள்வோம். கூழில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் திடம், மிச்சம் தண்ணீர். 45 கிராம் கூழில் திடம் ஐந்தரை கிராம். 65-ஐ எட்ட இன்னும் 59 கிராம் சர்க்கரை வேண்டும். 45-ம் 59-ம் 104. நூறு கிராம் ஜாமுக்கு ஆவியாக வேண்டியது வெறும் நாலு கிராம் தண்ணீர்! இதைக் காய்ச்சுவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சூடாக்கிச் சர்க்கரையைக் கரைக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது வீட்டு அடுப்புக்கு வருவோம். விதையை வடித்த ஆயக்குடிக் கொய்யாக்கூழ் ஒரு கிலோ, சர்க்கரை முக்கால் கிலோ. திடம் எல்லாம் சேர்ந்து 875 கிராம். 65 சதவீதம் வரும்வரை கிண்டினால் கிடைப்பது சுமார் 1,350 கிராம். நூறு கிராமுக்குப் போட்ட பழம் 74 கிராம், சர்க்கரை 56 கிராம். கூட்டிப் பாருங்கள், 130 வருகிறது. தப்பில்லை. கூடுதலாக இருக்கும் அந்த முப்பதுதான் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் வியர்த்து வழிந்தது.

சர்க்கரையில் மட்டும் இந்த இரண்டு பாட்டிலும் அண்ணன் தம்பிதான். அதைக் குறைக்க முடியாததற்குக் காரணம் உண்டு. அவ்வளவு சர்க்கரை இருக்கும் இடத்தில் பாக்டீரியாவின் உடம்பிலிருந்தே தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டுவிடும். பஞ்சாமிர்தம் இதே வித்தைதான்: வாழைப்பழத்தின் நீரை நாட்டுச்சர்க்கரையும் தேனும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இன்னமும் ஜாம் என்று யாரும் பேர் வைக்கவில்லை, நல்லவேளை.

சரி, அந்த மூன்று எண்கள்? 440 பெக்டின், 330 சிட்ரிக் அமிலம், 122 கார்மோய்சின் என்ற சிவப்புச் சாயம். பழத்தைக் குறைத்தால் பழத்தோடு வரவேண்டிய பசை, புளிப்பு, நிறம் மூன்றும் குறையும். அந்தக் கடனை அடைக்க வந்தவை இவை. 122 அசோ வகைச் சாயம். திருப்பூர்ப் பட்டறைகளில் பனியன் துணிக்கு ஏறும் சிவப்புகளில் பெரும்பாலானவையும் அதே குடும்பம். தின்னத் தகுந்ததா என்று சோதித்து அனுமதித்த பிள்ளை இது, அவை அப்படியல்ல.

எனக்குப் பெக்டின்தான் பெரிய அதிசயம். முதல்முறை நான் பப்பாளியில் ஜாம் கிண்டியபோது இரண்டு மணி நேரம் கழித்தும் அது குழம்பாகவே கிடந்தது. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “எலுமிச்சம்பழத்தப் புழியாம கிண்டுனா எப்புடி கண்ணு கட்டியாகும்?” என்று கேட்டார். வேதியியலும் அதையேதான் சொல்கிறது.

பெக்டின் என்பது செடியின் செல்களுக்கு நடுவே இருக்கும் காரைப்பூச்சு. 1825-ல் ஹென்றி பிராகொன்னோ என்ற பிரெஞ்சுக்காரர், உறைவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வைத்தார். நீண்ட சங்கிலி மூலக்கூறு. நீரில் இருக்கும்போது சங்கிலிகளின் மேல் எதிர்மின்சுமை ஏறி, ஒன்றையொன்று தள்ளி நிற்கும். எலுமிச்சைப் புளிப்பு அந்தச் சுமையைத் தணிக்கும். சங்கிலிகளைச் சுற்றி நிற்கும் தண்ணீரைச் சர்க்கரை பிடுங்கிக்கொள்ளும். வேறு வழியில்லாமல் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வலையாகி, பழத்தையும் மிச்ச நீரையும் அதற்குள் சிறைபிடிக்கும். மூன்றில் எது குறைந்தாலும் வலை விழாது. பப்பாளியில் புளிப்பு மிகக் குறைவு, பெக்டினும் கொய்யா அளவுக்கு இல்லை.

கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கொய்யாவைக் கொஞ்சம் நீரில் வேகவைத்து, வடித்த சாற்றை நன்றாக ஆறவிட்டு, ஒரு கரண்டி எடுத்து மூன்று கரண்டி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் மெல்ல ஊற்றுங்கள். ஒரு நிமிஷத்தில் வழவழவென்று கட்டி திரளும், முள்கரண்டியால் தூக்கலாம். அதுதான் பெக்டின். (பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது, பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்கள், வாயில் வைக்க வேண்டாம்.)

இதே பெக்டினைத் தொலைப்பதற்குத்தான் எங்கள் வட்டாரம் தினமும் காசு செலவழிக்கிறது. பஞ்சும் செடியின் செல்தானே. பஞ்சு இழையின் மேல்தோலில் மெழுகு இருக்கிறது, அந்த மெழுகைப் பிடித்துவைத்திருக்கும் பசைகளில் முக்கியமானது பெக்டின். இழையின் எடையில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். ஆனால் அந்த ஒரு சதவீதம் இருக்கும்வரை சாயம் உள்ளே ஏறாது. பல்லடத்து விசைத்தறியிலிருந்து இறங்கிய காடா என்ற வெளுக்காத துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சேம்பிலையில் விழுந்ததுபோல் முத்தாக நிற்கும். பனியனுக்குப் பின்னிய வெளுக்காத துணியும் அப்படித்தான்.

அதனால்தான் சாயத்துக்கு முன் துணியைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்கக் கொதிக்க வேகவைப்பது. கழிவுநீர்ப் பிரச்சினையில் 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளே மூடிக்கிடந்த திருப்பூருக்கு அந்தக் காரத் தண்ணீரின் விலை நன்றாகத் தெரியும். இன்னொரு வழியும் இருக்கிறது: பெக்டினை மட்டும் தேடிப்பிடித்து வெட்டும் நொதி, பெக்டினேஸ். இதற்குக் கொதிநிலை வேண்டாம், அறுபது டிகிரிக்குப் பக்கத்தில் வேலை நடக்கும். பசை அறுந்ததும் மெழுகு கழன்றுவிடும்.

ஆப்பிள் ஜூஸ் கம்பெனிகளும் கலங்கிய சாற்றைத் தெளியவைக்க இந்த நொதி வகையைத்தான் ஊற்றுகின்றன. ஜூஸ் பிழிந்து மிஞ்சிய ஆப்பிள் சக்கை, ஆரஞ்சு எலுமிச்சைத் தோல் இவற்றிலிருந்துதான் 440 என்ற பெக்டின் பொடி வருகிறது.

இந்த முறை கொய்யாதான் அடுப்பில். பொடி எதுவும் போடவில்லை, அரை மூடி எலுமிச்சை மட்டும். கரண்டியைத் தூக்கிச் சாய்த்துப் பார்க்கிறேன். முதலில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. பத்து நிமிஷம் கழித்துத் தூக்கினால் கரண்டி விளிம்பில் இரண்டு சொட்டுகள் நெருங்கி வந்து, விழாமல் தயங்கி, ஒன்றாகச் சேர்ந்து கிழிந்த துணி நுனிபோல் தொங்குகின்றன. அடுப்பை அணைத்தாயிற்று.