தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கும் வலி

வயிறு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், “எங்கே வலிக்கிறது, காட்டு” என்றுதான் முதலில் கேட்போம். பெரும்பாலான பிள்ளைகள் தொப்புளைக் காட்டுவார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, வாயு பிடித்துக்கொண்டது, நாளைக்குப் பள்ளிக்குப் போக மனமில்லை என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, கோடாலித் தைலத்தைத் தடவிப் படுக்க வைப்போம். பெரும்பாலும் காலையில் பிள்ளை எழுந்து ஓடியாடும். சில பிள்ளைகளுக்கு மட்டும் அந்தத் தொப்புள் வலிதான் குடல்வால் அழற்சியின் முதல் அறிகுறி. அவர்களை எப்படி அடையாளம் காண்பது என்பது அனுபவமிக்க மருத்துவர்களுக்கே சவாலான கேள்வி.

குடல்வால் என்பது பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலப்பக்க அடிவயிற்றில் தொங்கும் ஒரு சிறு குழாய். ஒரு முனை மூடியிருக்கும். திறந்திருக்கும் முனையைக் கெட்டிப்பட்ட மலத்துணுக்கோ, தொற்றின்போது வீங்கும் நிணநீர்த் திசுவோ அடைத்துவிட்டால், உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியில்லை. அழுத்தம் ஏறுகிறது, பாக்டீரியா பெருகுகிறது, குழாயின் சுவருக்கு வரும் இரத்த ஓட்டம் குறைகிறது. கடைசியில் சுவர் அழுகிக் கிழிகிறது.

கொய்யா விதையை விழுங்கினால், சாப்பிட்டவுடன் ஓடினால் குடல்வால் வீங்குமா என்று ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு மாணவராவது கேட்பார். குடல்வாலில் விதை சிக்கியிருந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு, ஆனால் அது மிக அரிது. ஓடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கொய்யாவைத் தாராளமாகக் கொடுங்கள். குண்டூசியில்தான் கவனம் தேவை. 1735இல் லண்டனில் கிளாடியஸ் அம்யாண்ட் என்ற மருத்துவர் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செய்ததே பதிவான முதல் வெற்றிகரமான குடல்வால் அறுவைச் சிகிச்சை. அந்தக் குடல்வாலைத் துளைத்திருந்தது அவன் விழுங்கிய ஒரு குண்டூசி!

சரி, குடல்வால் இருப்பது வலப்பக்கம். வலி ஏன் தொப்புளில் தொடங்குகிறது?

குடலின் நரம்புகளுக்கு இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாது. குடல்வாலிலிருந்து கிளம்பும் வலிச் செய்தி, முதுகுத்தண்டில் பத்தாவது மார்பு நரம்பு நுழையும் இடத்தை அடைகிறது. தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் நரம்பும் அங்கேதான் வந்து சேர்கிறது. மூளை குழம்பிப்போய், வலி தொப்புளில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. வீக்கம் பெரிதாகி வயிற்றறையின் உட்சுவரைத் தொடும்போது நிலைமை மாறுகிறது. அந்த உட்சுவரின் நரம்புகள் தோலின் நரம்புகளைப் போலவே இடத்தைச் சரியாகச் சொல்லும். அப்போதுதான் வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, ஓரிடத்தில் குத்தத் தொடங்குகிறது. வலப்பக்க இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டு, எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நியூயார்க் மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889இல் சுட்டிக்காட்டிய இடம் அது. இன்றும் அவர் பெயரால்தான் அந்தப் புள்ளி அழைக்கப்படுகிறது.

ஆகவே, மருத்துவர் உங்களிடம் தெரிந்துகொள்ள விரும்புவது வலி நகர்ந்த கதையை. எத்தனை மணிக்குத் தொடங்கியது? எப்போது இடம் மாறியது? வாந்தி வலிக்கு முன்பா, பின்பா? குடல்வால் அழற்சியில் பொதுவாக வலி முதலில் வரும், வாந்தி பிறகு வரும், காய்ச்சல் அதற்கும் பிறகுதான், அதுவும் தொடக்கத்தில் இலேசாகத்தான் இருக்கும். வாந்தியில் தொடங்கி, பிறகு வலியும் வயிற்றுப்போக்கும் வந்தால் அது வயிற்றுக் கிருமித்தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த வரிசையை எந்த இயந்திரமும் காட்டாது. பிள்ளையோடு இருந்த உங்களுக்கு மட்டுமே அது தெரியும்.

சிக்கல் என்னவென்றால், பாடப்புத்தகத்தில் உள்ளபடி நோய் வருவதில்லை. குடல்வாலின் நுனி பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் வலி முதுகுப் பக்கம் தெரியும். கீழே இடுப்புக்குழிக்குள் தொங்கினால் மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் உறுத்தும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கும் அடிக்கடி சிறுநீரும் வரும். ஐந்து வயதுக்குக் கீழ் இன்னும் மோசம். அந்த வயதில் இந்நோய் குறைவு. ஆனால் வந்தால், கண்டுபிடிப்பதற்குள் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குடல்வால் கிழிந்துவிடுகிறது. சிறு பிள்ளைக்கு வலியை விவரிக்கத் தெரியாது. அழும், சாப்பிட மறுக்கும், காலை மடக்கிப் படுக்கும், நடக்கச் சொன்னால் குனிந்து நொண்டும். கிழிந்த இடத்தைப் போர்த்தி மூடவேண்டிய கொழுப்புத் திரையும் அந்த வயதில் மெல்லியதாகவே இருக்கும். அதனால் சீழ் வயிறு முழுவதும் எளிதில் பரவும்.

இதே வலியோடு வரும் மற்ற நோய்களும் ஏராளம்: மலச்சிக்கல், சிறுநீர்த்தொற்று, சளிக்காய்ச்சலுக்குப் பின் குடலருகே வீங்கும் நிணநீர்க் கணுக்கள். வலது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா இருந்தாலும் பிள்ளை வயிற்றைத்தான் காட்டும். நம் நாட்டில் டிங்கியையும் மறக்கக்கூடாது. கடும் வயிற்று வலி டிங்கியின் அபாய அறிகுறிகளில் ஒன்று. பையன்கள் விஷயத்தில் இன்னொன்று: விதைப்பை முறுக்கிக்கொண்டாலும் அடிவயிறு வலிக்கும். வெட்கத்தால் வயிறு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அதைக் காப்பாற்ற ஏறக்குறைய ஆறு மணி நேரமே உண்டு. நேரடியாகக் கேட்டுவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்குச் சினைப்பை முறுக்கிக்கொள்வதும் இதே போன்ற அவசர நிலைதான்.

இவ்வளவு குழப்பத்தில் மருத்துவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்? ஆசிரியர்களுக்குப் பழகிப்போன முறையில்தான்: மதிப்பெண் போட்டு. 4 முதல் 15 வயது வரையிலான 1,170 பிள்ளைகளின் விவரங்களைக் கொண்டு மதன் சாமுவேல் என்ற மருத்துவர் 2002இல் ஒரு பட்டியலை வெளியிட்டார். மொத்தம் 10 மதிப்பெண். வலி இடம் மாறியது, பசியின்மை, குமட்டல் அல்லது வாந்தி, காய்ச்சல் ஆகியவற்றுக்குத் தலா 1. வலப்பக்க அடிவயிற்றைத் தொட்டால் வலிப்பதற்கு 2; இருமினால், குதித்தால் அல்லது தட்டிப் பார்த்தால் அங்கே வலிப்பதற்கு 2. இரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியதற்கு 1, அவற்றில் நியூட்ரோஃபில் வகை கூடியதற்கு 1. கவனித்தீர்களா? ஊசி குத்துவதற்கு முன்பே 8 மதிப்பெண்ணுக்கான பதில் தெரிந்துவிடுகிறது. பொதுவாக 3 அல்லது அதற்குக் கீழ் என்றால் வாய்ப்பு குறைவு. 7 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம். இடைப்பட்டவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். அழுத்தினால் ஒடுங்காமல், 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த குழாய் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். பல வேளைகளில் குடல்வால் படத்தில் தெரிவதே இல்லை. சிடி ஸ்கேன் தெளிவாகக் காட்டும், ஆனால் கதிர்வீச்சு உண்டு என்பதால் பிள்ளைகளுக்கு அதைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். அப்போது வார்டில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். “ஒன்றும் செய்யாமல் படுக்க வைத்திருக்கிறார்கள்” என்று பெற்றோர் கோபப்படுவதுண்டு. அப்படித் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான்.

குதித்துப் பார்க்கும் சோதனைக்குச் சாலை வடிவம் ஒன்று உண்டு. பிரிட்டனில் ஒரு மருத்துவமனைக்கு வந்த, 17 வயதுக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் வேகத்தடையைக் கடக்கும்போது வலி கூடியதா என்று கேட்டார்கள். 2012இல் அந்த ஆய்வு வெளிவந்தது. வேகத்தடைகளைக் கடந்து வந்தவர்களில் குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர் ஆம் என்றார்கள். நோய் இல்லாத 30 பேரில் 21 பேரும் ஆம் என்றார்கள்! வலி கூடியது என்பதை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. கூடவில்லை என்றால் நோய் இருக்க வாய்ப்பு குறைவு. நம் தாமான் சாலைகளில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை. போகும் வழியில் பிள்ளையின் முகத்தைக் கவனித்து, கண்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் பெரியவர்களிடம் செய்த ஆய்வு என்பதால், வலி கூடவில்லை என்று பாதி வழியில் வீடு திரும்பிவிடாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடாதவை சில. விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுக்கவேண்டாம். குடல் ஏறிவிட்டது, தொக்கம் விழுந்துவிட்டது என்று வயிற்றை நீவவும் வேண்டாம்; வீங்கிய குடல்வாலை அழுத்துவது ஆபத்து. வலி மாத்திரை கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பயம் பழையது. மருத்துவமனையில் மார்ஃபின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் நோயறிதல் கெடவில்லை. வயதுக்கேற்ற அளவில் பாராசிட்டமோல் கொடுத்திருந்தால், கொடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். மருத்துவமனைக்குக் கிளம்பிய பிறகு உணவு, பானம் எதுவும் வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம்.

வலி பல மணி நேரம் விடாமல் இருந்து, பிள்ளை நிமிர்ந்து நடக்க மறுத்தால் விடியும்வரை காத்திருக்கவேண்டாம். அறிகுறி தொடங்கி ஒன்றரை நாள் கடந்தால் குடல்வால் கிழியும் வாய்ப்பு வேகமாகக் கூடுகிறது. கிழிந்தவுடன் உள்ளழுத்தம் குறைவதால் வலி சிறிது நேரம் தணியலாம். “இப்போது பரவாயில்லைம்மா” என்று பிள்ளை சொல்லும். நாடித்துடிப்பு வேகமாகி, காய்ச்சல் ஏறி, வயிறு பலகை போல் விறைத்திருந்தால் அப்போதே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.